கடல்வழி அடைபட்டபோதெல்லாம் செழித்த உப்பூர்

1853 மார்ச் மாதம் தைபிங் கிளர்ச்சிப் படை நான்ஜிங் நகரைப் பிடித்தது. அந்தக் கிளர்ச்சியிலும் அதையொட்டிய பஞ்சத்திலும் இரண்டு கோடிப் பேருக்கு மேல் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பேரரசுகளின் கதையை எழுதுகிறவர்கள் அதையே பேசுவார்கள். ஆனால் நான்ஜிங்குக்கு மேற்கே ஹூபெய், ஹூனான் மாகாணங்களில் இருந்த குடும்பங்களுக்குப் போர் முதலில் வேறு வடிவத்தில் வந்தது: உப்பு வரவில்லை.

அன்றைய சீனாவில் உப்பு, விரும்பிய இடத்தில் வாங்கித் தின்கிற பண்டம் அல்ல. எந்த வட்டாரம் எந்த உப்பளத்தின் உப்பைத் தின்ன வேண்டும் என்று அரசு எல்லை வகுத்திருந்தது. எல்லை தாண்டி விற்றால் அது கள்ள உப்பு. ஹூபெய்க்கும் ஹூனானுக்கும் விதிக்கப்பட்டது கிழக்குக் கடலோரத்தின் ஹுவாய் உப்பு. யாங்சி ஆற்றில் மேல்நோக்கி ஏறி வரும் அந்த உப்புப் படகுகளின் பாதையில்தான் தைபிங் படை வந்து உட்கார்ந்தது. கோடிக்கணக்கான வாய்கள், உப்பில்லை. வேறு வழியில்லாமல் அரசு எல்லையைத் தளர்த்தியது. அதே யாங்சியின் மேல் பகுதியிலிருந்து, கடல்காற்றே படாத சிச்சுவான் மாகாணத்திலிருந்து, கீழ்நோக்கி உப்பு வரத் தொடங்கியது. அந்த உப்பின் பெரும்பகுதி புறப்பட்ட இடம் ஸிலியூஜிங்.

இன்று ஸிலியூஜிங், ஸிகோங் மாநகரத்தின் நடுவே இருக்கும் ஒரு நகர மாவட்டம். கோங்ஜிங், தாஆன், யான்தான் என்ற மற்ற மூன்று நகர மாவட்டங்களும் ரோங், ஃபூஷுன் என்ற இரண்டு ஊரக மாவட்டங்களும் சேர்ந்ததுதான் ஸிகோங். சிச்சுவான் தலைநகர் செங்டுவுக்குத் தெற்கே சுமார் இருநூறு கிலோமீட்டரில், செம்மண் குன்றுகளுக்கிடையே ஃபூசி என்ற சிற்றாற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கிறது. ஃபூசி துவோ ஆற்றில் சேர்கிறது. துவோ லூஜோ நகரருகே யாங்சியில் கலக்கிறது. பழைய உப்பூரின் நிலவியல் முழுவதையும் இந்த மூன்று நீர்வழிகளில் சொல்லிவிடலாம், ஒன்றைத் தவிர. அது தரைக்கு அடியில் இருக்கிறது.

இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, டிரையாசிக் காலத்தில், இந்தப் படுகை ஆழமில்லாத கடலாக இருந்தது. கடல் வற்றி உப்புப் படிவமாயிற்று. அதன்மேல் ஜுராசிக் காலத்து ஆறுகளும் ஏரிகளும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டின. பின்னர் நில அசைவில் பாறை அடுக்குகள் மேல்நோக்கி வளைந்து மடிந்தன. அந்த வளைவுக்குள் உவர்நீரும் எரிவாயுவும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. உப்பு எடுக்கத் தேவையான சரக்கும் அதைக் காய்ச்சத் தேவையான எரிபொருளும் ஒரே இடத்தில், ஒரே துளையில் கிடைப்பது உலகில் அபூர்வம். ஆனால் அந்தச் சொத்து கிடந்தது பல நூறு மீட்டர் ஆழத்தில். மேலே கிடைத்த மஞ்சள் உவர்நீரில் உப்பின் அளவு குறைவு. அடர்த்தியான கரிய உவர்நீர் இன்னும் ஆழத்தில். ஆகவே இந்த ஊரின் பொருளாதாரம் தொடக்கம் முதலே, எவ்வளவு ஆழம் போக முடியும் என்ற கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது.

இப்பகுதியில் உப்புக் கிணறுகள் கிழக்கு ஹான் காலத்திலிருந்தே உண்டு என்பது உள்ளூர் மரபு. அவை ஆள் இறங்கி வெட்டிய அகலக் கிணறுகள். 11ஆம் நூற்றாண்டின் நடுவில், சோங் அரச காலத்தில், சிச்சுவானில் ஒரு புதுமுறை பிறந்தது. கிண்ணத்தின் வாயளவே உள்ள குறுகிய துளையை இரும்பு உளியால் இடித்து இடித்து ஆழமாக்கி, உள்ளே கணு நீக்கிய மூங்கிலைச் சுவராக இறக்கினார்கள். கவிஞர் சு ஷி இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார், அவர் சிச்சுவான்காரர். 1637இல் வெளிவந்த சோங் யிங்ஷிங்கின் ‘தியான்கோங் கைவூ’ என்ற தொழில்நுட்ப நூலும் சிச்சுவான் உப்புக் கிணறுகளைப் படங்களுடன் விவரிக்கிறது. மிங் காலத்தின் பிற்பகுதியில் ஃபூஷுனின் பழைய கிணறுகள் பயனற்றுப் போக, தொழில் ஆற்றுவழியே மேலே நகர்ந்து ஸிலியூஜிங்கில் குடியேறியது.

துளையிடும் வேலையைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த ஊரின் பணக் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு கனத்த மரத் துலா. அதன் ஒரு முனையிலிருந்து மூங்கில் நாரால் முறுக்கிய கயிற்றில் இரும்பு உளி தொங்குகிறது. மறுமுனையில் ஆட்கள் தாவி ஏறுகிறார்கள், உளி எழுகிறது. சட்டென்று இறங்குகிறார்கள், உளி விழுந்து பாறையை நொறுக்குகிறது. நம் ஊர்களில் ஏற்றம் மிதித்த ஆளை நினைத்துக்கொண்டால் படம் கிடைத்துவிடும், ஆனால் இங்கே மேலே வந்தது தண்ணீரல்ல. கயிற்றைத் திருகிக்கொண்டே இருக்க ஓர் ஆள். இல்லாவிட்டால் துளை வட்டமாக வராது. நொறுங்கிய கல் சேறானதும், அடியில் தோல் அடைப்பு வைத்த மூங்கில் குழாயை இறக்கி அள்ளி எடுக்க வேண்டும். மறுபடியும் உளி. மென்பாறையில் நல்ல நாளென்றால் ஒரு முழம், கடும்பாறையில் விரற்கடை. பாறைக்கேற்ப உளியின் வடிவமும் மாறும்: மீன்வால் போன்றது, வெள்ளிக்கட்டி போன்றது, குதிரைக் குளம்பு போன்றது. கயிறு அறுந்து உளி உள்ளே விழுந்துவிட்டால், கொக்கிகளும் கவ்விகளுமாகக் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் தேடிப் பிடித்து மேலே எடுக்கத் தனி வித்தை வைத்திருந்தார்கள். துளையின் மேற்பகுதியில் கல் வளையங்கள். அதற்குக் கீழே, மண்நீர் உள்ளே புகாமலிருக்க, குடைந்த மரக் குழாய்கள். மூட்டுகளை அடைக்க டுங் எண்ணெயும் சுண்ணாம்பும்.

இந்த முறையில் 1823இல் தொடங்கி 1835இல் முடித்த ஷென்ஹாய் கிணறு 1,001.42 மீட்டர் ஆழம். உலகில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய முதல் துளை அதுவே என்று கருதப்படுகிறது. 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க்காகத் தோண்டிய புகழ்பெற்ற கிணறு எண்ணெயைத் தொட்டது 21 மீட்டரில். இந்த ஒப்பீட்டைச் சீனாவில் அடிக்கடி பெருமையோடு சொல்வார்கள். எனக்கு ஆழத்தைவிட அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் வியப்பு. உப்புநீர் வருமா என்றே தெரியாத ஒரு துளைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கூலி கொடுத்தது யார்? இன்றைய பாணி வங்கி கிடையாது. சீனாவின் முதல் நிறுவனச் சட்டமே 1904இல்தான் வந்தது. அரசு வரி வாங்கியதே தவிர முதல் போடவில்லை.

விடை பத்திரங்களில் இருக்கிறது. ஸிகோங்கின் ஆவணக் காப்பகத்தில் சிங் அரச காலத்து உப்புத் தொழில் ஒப்பந்தங்கள் ஏராளமாகப் பிழைத்திருக்கின்றன. அவற்றை அடிப்படையாக வைத்து, கொலம்பியா பல்கலைக்கழக வரலாற்றாய்வாளர் மேடலின் ஸெலின் 2005இல் ஸிகோங் வணிகர்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். அந்த ஒப்பந்தங்களின் பொது அமைப்பு இதுதான்: ஒரு கிணற்றின் வருமானம் மாதத்தின் முப்பது நாட்களாகப் பிரிக்கப்படும். ‘எனக்கு இந்தக் கிணற்றில் ஐந்து நாள்’ என்றால் ஆறில் ஒரு பங்கு என்று பொருள். நிலத்துக்காரர் காசு போடமாட்டார். இடம் கொடுத்ததற்காகச் சில நாட்கள் அவருக்கு. பங்காளிகளைத் திரட்டி, ஆள் வைத்து, கணக்குப் பார்க்கும் அமைப்பாளருக்கும் உழைப்புக்கு ஈடாகச் சில நாட்கள். மீதி நாட்களை வாங்கியவர்கள், உவர்நீர் வரும்வரை மாதாமாதம் செலவைப் பகிர்ந்து கட்ட வேண்டும். நாளையும் துண்டாக்கி விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த ஏற்பாடு, பாதி வழியில் பணம் தீர்ந்துபோனவர்களுக்கானது. ஏழெட்டு ஆண்டுகள் கட்டிவிட்டு இனி முடியாது என்று நிற்பவரின் பங்கு முழுவதும் பறிபோகாது. அவர் ‘மேல் கட்டு’ ஆவார். புதிதாக வந்து தொடர்பவர் ‘கீழ் கட்டு’. தோண்டியது எவ்வளவு, தோண்ட வேண்டியது எவ்வளவு என்று பேசி, இருவரும் பங்கைப் பிரித்துக்கொள்வார்கள். கீழ் கட்டுக்காரரும் ஓய்ந்தால் அவரே அடுத்தவருக்கு மேல் கட்டு. இப்படி மூன்று நான்கு தலைமுறைப் பணம் ஒரே துளைக்குள் இறங்கும். தோல்வியடைந்தவரையும் கணக்கிலிருந்து நீக்காத இந்த முறை இல்லாவிட்டால், ஆயிரம் மீட்டர் என்ற ஆழம் யாருக்கும் கட்டுப்படியாகியிருக்காது. உளியையும் மூங்கிலையும் பற்றி அருங்காட்சியகங்கள் நிறையப் பேசுகின்றன. அவற்றுக்கு இணையான கண்டுபிடிப்பு இந்தக் கூட்டுக் கணக்கு என்பேன்.

பணம் முதலில் வெளியிலிருந்து வந்தது. வடக்கே ஷான்சி மாகாணத்து வணிகர்கள் துணி விற்கவும் வட்டிக்கு விடவும் வந்தவர்கள், உப்பில் இறங்கினார்கள். உள்ளூர் நிலக்கிழார்களிடம் நிலம் இருந்தது, ரொக்கம் இல்லை. வாங் குடும்பத்தின் ‘சான்வெய் தாங்’ என்ற குலச் சொத்து நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திய வாங் லாங்யூன், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தன் நிலங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கென்று ஷான்சிக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். கிணறு தோண்டுவது அவர்கள் செலவு. தவணை முடிந்ததும் கிணறு நிலத்துக்காரருக்கு. பொறுமையான கணக்கு. 1853இல் நான்ஜிங் வீழ்ந்து உப்பு விலை ஏறியபோது அந்தக் குடும்பத்தின் கையில் கிணறுகள் இருந்தன. உப்புக் காய்ச்சும் சட்டிகள், உவர்நீர்க் குழாய்கள், தானியம் விளையும் நிலம், விற்பனைக் கடைகள் என்று எல்லாவற்றையும் ஒரே குலச் சொத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். லீ, ஹூ, யான் முதலான குடும்பங்களும் அதே தடத்தில் வளர்ந்தன.

அந்த ஆண்டுகளின் ஸிலியூஜிங் எப்படி இருந்திருக்கும் என்பதற்குப் பழைய புகைப்படங்கள் உதவுகின்றன. குன்றுகள்மேல் காடுபோல மரக் கோபுரங்கள். தேவதாரு மர உத்திரங்களை ஆணியின்றி மூங்கில் பட்டைகளால் கட்டி எழுப்பியவை. பிற்காலத்தில் தாதே கிணற்றின் கோபுரம் 113 மீட்டரை எட்டியது. கோபுர உச்சியிலுள்ள கப்பி வழியாக, பல மூங்கில்களை இணைத்துச் செய்த நீண்ட குழாய் கிணற்றுக்குள் இறங்கி, உவர்நீரை நிரப்பிக்கொண்டு எழும். மேலே வந்ததும் ஓர் ஆள் இரும்புக் கொக்கியால் அடித்தோலைத் தள்ளுவார். நீர் தொட்டியில் கொட்டும். இழுவைச் சக்கரத்தைச் சுற்றியவை எருமைகள். இந்த ஊரில் அவை பல்லாயிரக்கணக்கில் இருந்தன. உவர்நீர் அங்கிருந்து மூங்கில் குழாய்களில் மேடு பள்ளம் தாண்டி, வாயு கிடைக்கும் இடத்துச் சட்டிகளுக்குப் போகும். ‘காங் தொட்டி’ என்ற கூம்பு வடிவ மரக்கூண்டைக் கிணற்று வாயில் பொருத்தி, வெடிக்காமல் வாயுவைப் பிரித்தெடுத்தார்கள். அதனால் ஒரே துளையிலிருந்து உவர்நீரும் வாயுவும் ஒரே நேரத்தில் எடுக்க முடிந்தது. வாயு போதாத இடங்களுக்கு அருகிலுள்ள வெய்யுவானிலிருந்து நிலக்கரி வந்தது.

சட்டிக் கொட்டகைக்குள் நடந்ததை ஷென்ஹாயில் இன்றும் பார்க்கலாம். கொதிக்கும் உவர்நீரில் சோயாப் பாலை ஊற்றுகிறார்கள். அது திரிந்து, அழுக்கையெல்லாம் பற்றிக்கொண்டு பழுப்பு நுரையாக மேலே வரும். அகப்பையால் வழித்து எறிந்துவிடுவார்கள். நீர் தெளிந்தபின் ஏற்கெனவே காய்ச்சிய உப்பைக் கொஞ்சம் தூவினால் பரல்கள் பிடிக்கத் தொடங்கும். அள்ளிய உப்பைக் கூடையில் போட்டு, தெளிந்த செறிவான உவர்நீரையே மேலே ஊற்றிக் கழுவுகிறார்கள். நல்ல நீர் ஊற்றினால் உப்பு கரைந்துவிடுமே!

எருமைகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இத்தனை மாடுகள் உழைத்து ஓய்ந்து சாகிற ஊரில் மாட்டிறைச்சி மலிவு. சிச்சுவான் சமையலின் ‘ஷூயிஜூ நியூரோ’ என்ற காரமான மாட்டிறைச்சிக் குழம்பு ஸிகோங் உப்புத் தொழிலாளர்களிடம் பிறந்தது என்பது பரவலான கூற்று. இறைச்சியைக் காகிதத்தளவு மெல்லிசாக, அகலமாகச் சீவி, வறட்டித் தணலில் மெல்ல உலர்த்தும் ‘ஹுவோபியன்ஸி’ இந்த ஊருக்கே உரியது. மாட்டின் சாணமும் அதன் சதைக்கே அடுப்பாயிற்று. முதலாளிகளின் மேசைக்கும் கூலிக்காரரின் கிண்ணத்துக்கும் இடையிலான தூரம் அதிகம் என்றாலும், இரண்டையும் இன்று ‘உப்புக்காரர் சமையல்’ என்று ஒரே பெயரில் உணவகங்கள் விற்கின்றன.

பணம் கட்டடங்களிலும் தெரிந்தது. ஷான்சி வணிகர்கள் 1736இல் தொடங்கி 1752இல் கட்டிமுடித்த ‘ஷீசின்’ மன்றம் இன்றும் ஸிலியூஜிங்கின் நடுவில் நிற்கிறது. அடுக்கடுக்காக மேல்நோக்கி வளைந்த கூரை முனைகள், பொன்பூச்சு மரச்சிற்பங்கள், நாடக மேடை. உள்ளே, தெய்வமாக வணங்கப்படும் வீரர் குவான் யூவுக்கு வழிபாடு. 1959 முதல் அதுவே உப்பு வரலாற்று அருங்காட்சியகம். ஆற்றங்கரையில் படகுக்காரர்களும் சரக்கு வணிகர்களும் எழுப்பிய ‘வாங்யே’ கோயில். சந்தைப் பக்கத்தில் கசாப்புக்காரர்கள் தங்கள் காவல்தெய்வமான ஜாங் ஃபெய்க்குக் கட்டிய ‘ஹுவான்ஹோ’ மன்றம். ஹுவான்ஹோ மன்றத்தில் இப்போது தேநீர்க் கடை நடக்கிறது. பெரியவர்கள் மூங்கில் நாற்காலிகளில் சாய்ந்து சீட்டாடுகிறார்கள். ஒரு கசாப்புச் சங்கத்துக்கு இவ்வளவு பெரிய மன்றம் கட்ட வசதி இருந்ததென்றால், ஊரில் புழங்கிய பணத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

போக்குவரத்துதான் தொழிலின் பலவீனம். ஃபூசி குறுகல், குளிர்காலத்தில் நீர் குறைந்துவிடும். அணைக்கட்டுகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான படகுகள் காத்துக் கிடக்கும். நீர் சேர்ந்ததும் திறந்துவிட, அந்த வெள்ளத்தோடு எல்லாம் ஒருசேரக் கீழே போகும். உப்பின் விலையில் கிணற்றைவிட ஆற்றுக்கும் வரிக்கும்தான் பங்கு அதிகம். வழியெங்கும் ‘லிஜின்’ என்ற சுங்க வரி. தைபிங் கிளர்ச்சி 1864இல் முடிந்ததும் கிழக்குக் கடலோர வணிகர்களும் அவர்களுக்கு ஆதரவான அதிகாரிகளும் ஹூபெய், ஹூனான் சந்தையைத் திரும்பக் கேட்டார்கள். 1870களில் சிச்சுவான் உப்பின் எல்லை மறுபடியும் சுருங்கத் தொடங்கியது. 1877இல் சிச்சுவான் ஆளுநர் டிங் பாவ்ஜென், உப்பைக் கொண்டுசெல்வதை அரசே எடுத்துக்கொள்ளும் திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். பெரும் குடும்பங்களின் கையிலிருந்த மொத்த வியாபாரம் தளர்ந்தது. கடல்வழி திறந்ததும் உப்பூரின் பிடி நழுவியது என்று இதைச் சுருக்கிவிடலாம். அரசின் வரிப்பசியும் அதற்குச் சமமான காரணம்.

தொழில் அதோடு படுத்துவிடவில்லை. 1892 வாக்கில் ஆழத்தில் பாறை உப்பைக் கண்டார்கள். நீரை ஊற்றிக் கரைத்து, செறிவான உவர்நீராக எடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருமைகளுக்குப் பதிலாக நீராவி எந்திரங்கள் வந்தன. ஆனால் 1911 புரட்சியில் சிங் ஆட்சி விழுந்தபின் சிச்சுவானின் படைத்தலைவர்கள் ஒவ்வொருவரும் இந்த ஊரின்மேல் கண் வைத்தார்கள். உப்பு வரி கையிலிருந்தால் ஒரு படையை வைத்திருக்கலாம். மைய அரசோ 1913இல் அந்நிய வங்கிகளிடம் இரண்டரைக் கோடி பவுண்டு கடன் வாங்கி, நாட்டின் உப்பு வரியையே பிணையாக வைத்தது. அந்த வரியைச் சீர்செய்ய அழைக்கப்பட்டவர் ரிச்சர்ட் டேன். ஆங்கிலேய இந்தியாவில் உப்பு, கலால் வரி நிர்வாகத்தில் தேர்ந்தவர். இந்தியாவில் பழகிய வசூல் முறைகளை அவர் சீன உப்புத் துறைக்குக் கொண்டுபோனார். நாட்டின் உப்பு வருமானம் பெருகியது. சிச்சுவானில் வசூலான பணம் மைய அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அந்தந்த ஆண்டில் எந்தப் படைத்தலைவர் ஊரை வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது முறை கடல்வழி அடைபட்டது 1937இல். ஜப்பானியப் படை கடலோரத்தைப் பிடித்ததும் வடக்கின் சாங்லூ, கிழக்கின் ஹுவாய் உப்பளங்கள் கைவிட்டுப் போயின. அரசாங்கம் உள்நாட்டிலிருந்த சோங்சிங் நகருக்கு இடம்பெயர்ந்தது. நாட்டின் உள்பகுதி மறுபடியும் சிச்சுவான் உப்பை நம்பியது. 1853இன் கதை அப்படியே திரும்பியது போலத் தோன்றும். ஆனால் இந்த முறை தொழிற்சாலைகளும் கூடவே வந்தன. தொழிலதிபர் ஃபான் ஷூதோங் 1914இல் தியான்ஜின் கடற்கரையில் தொடங்கிய ‘ஜியூதா’ உப்பு நிறுவனம், 1938இல் ஸிலியூஜிங் பகுதியில் புது ஆலை அமைத்தது. கடல் உப்புக்காரர்கள் கிணற்று உப்புக்காரர்களிடம் தஞ்சம் புக நேர்ந்தது. உள்ளூர் வணிகர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை, போட்டியாகவே பார்த்தார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று, ஃபூஷுன், ரோங் மாவட்டங்களிலிருந்து உப்புப் பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்து ஸிகோங் மாநகரம் உருவானது. ஸிலியூஜிங், கோங்ஜிங் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர். உப்புக்காகவே ஒரு மாநகரம் என்பதை ஜப்பானியரும் கவனித்தார்கள்: அதே ஆண்டு அக்டோபரிலிருந்து 1941 ஆகஸ்ட் வரை பலமுறை விமானங்கள் வந்து குண்டு வீசின. 1943, 44இல் ஜெனரல் ஃபெங் யூஷியாங் போர்நிதி திரட்ட வந்தபோது, நாட்டில் மிக அதிகமாகக் கொடுத்த ஊர்களில் ஸிகோங் ஒன்று. தேசபக்தி இருந்தது, சந்தேகமில்லை. கொடுப்பதற்குக் கையில் பணமும் இருந்தது.

மூன்றாவது முறை கடல் அடைபடவில்லை. அடைபடும் என்ற பயமே போதுமாக இருந்தது. 1964இல் மாவோ, கடலோரம் அமெரிக்க, சோவியத் தாக்குதலுக்கு ஆளாகலாம் என்று கருதி, கனரகத் தொழில்களை உள்நாட்டு மலைப்பகுதிகளுக்கு நகர்த்தும் ‘மூன்றாம் வரிசை’த் திட்டத்தைத் தொடங்கினார். ஸிகோங்கில் 1965இல் கடின உலோகத் தொழிற்சாலை, 1966இல் ‘தோங்ஃபாங்’ கொதிகலன் தொழிற்சாலை, ஃபூஷுனில் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம். வடகிழக்கிலிருந்தும் ஷாங்காயிலிருந்தும் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்திறங்கினார்கள். அவர்கள் குடியிருப்புகளில் இன்றும் வேற்றுப் பேச்சுவழக்கு கேட்கும். கொதிகலன் ஆலை இன்று இந்தியா உள்ளிட்ட நாடுகளின் அனல்மின் நிலையங்களுக்கும் சரக்கு அனுப்பியிருக்கும் பெரிய நிறுவனம். ஆயினும் இந்த மூன்றாம் எழுச்சிக்கும் முந்தைய இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்பு ஊரின் சொந்தப் பணமும் சொந்த மண்ணும் சேர்ந்து செழித்தன; இந்த முறை எல்லாம் பெய்ஜிங்கின் உத்தரவில் வந்தது, பங்குப் பத்திரத்துக்கு இடமேயில்லை. கிணறுகள் 1950களிலேயே அரசுடைமை ஆகிவிட்டிருந்தன. சீன மார்க்சிய ஆய்வாளர்கள் சிலர் பழைய ஸிலியூஜிங்கை ‘முதலாளித்துவத்தின் முளை’ என்று பெயரிட்டுப் பல பத்தாண்டுகள் விவாதித்தார்கள். அந்தப் பெயர், முளை வளராமல் போனதுதான் முக்கியம் என்று நம்மை நினைக்க வைக்கிறது. நூறாண்டுக்கு மேல் ஓடிய ஒரு முழுத் தொழிலை முளை என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கடலோரம் 1980களில் உலகுக்குத் திறந்துவிடப்பட்டதும் என்ன ஆகும் என்பதை இதுவரை படித்தவர் ஊகித்திருப்பார். மலிவான கடலுப்பு, பெரிய ஆலைகள், ஏற்றுமதித் துறைமுகங்கள். நாட்டின் பணம் கிழக்கே ஓடியது, ஆட்களும் போனார்கள். மரக் கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. 113 மீட்டர்க் கோபுரமும் தப்பவில்லை. விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சியிருக்கின்றன. உப்புத் தொழில் வெற்றிடக் கொதிகலன்களில் தொடர்கிறது. எந்த மாகாணம் எந்த உப்பைத் தின்ன வேண்டும் என்ற பழைய எல்லைகள் வேறு வடிவங்களில் நீடித்து, 2017 ஜனவரியில்தான் உற்பத்தியாளர்கள் மாகாணம் தாண்டி விற்கலாம் என்று விதி தளர்ந்தது.

இடையில் மண் இன்னொரு சரக்கைக் கொடுத்தது. உப்புப் படிவத்துக்கு மேலிருந்த ஜுராசிக் பாறையில், தாஆன் மாவட்டத்தின் தாஷான்பூவில், 1970களில் டைனோசர் எலும்புகள் குவியலாக வெளிப்பட்டன. அங்கே தரையைச் சமப்படுத்திக்கொண்டிருந்தது எரிவாயு நிறுவனம். 1985இல் அங்கிருந்து விவரிக்கப்பட்ட ஓர் ஊனுண்ணி டைனோசருக்கு ‘காசோசாரஸ் கன்ஸ்ட்ரக்டஸ்’ என்று, வாயு நிறுவனத்தையும் கட்டுமானத் தொழிலாளர்களையும் நினைத்துப் பெயர் வைத்தார்கள். 1987இல் அந்த இடத்திலேயே அருங்காட்சியகம் திறந்தது. இன்று உலகின் கேளிக்கைப் பூங்காக்களில் தலையாட்டி உறுமும் ரப்பர்த்தோல் டைனோசர்களில் பெரும்பகுதி ஸிகோங் பட்டறைகளில் செய்தவை.

அதைவிடப் பெரிய தொழில் விளக்கு. புத்தாண்டு விளக்கு வரிசைகள் இங்கே பழைய வழக்கம். 1964இல் ஊர் நிர்வாகம் முதல் விளக்கு விழா எடுத்தது, 1987 முதல் அது பெரிய அளவில் நடக்கிறது. எஃகுக் கம்பியை வளைத்து உருவம் கட்டி, பட்டுத்துணி ஒட்டி, உள்ளே விளக்கு வைப்பது பொது முறை. ஸிகோங் கைவினைஞர்களின் தனித்தன்மை, வீட்டுப் பொருட்களை உடைக்காமல் கோர்ப்பது. பீங்கான் தட்டு, கிண்ணம், கரண்டிகளை நூலால் ஒவ்வொன்றாகக் கட்டி ஒரு முழு டிராகனைச் செய்வார்கள். மருந்துக் குப்பிகளில் வண்ணநீர் நிரப்பி மயில் தோகை செய்வார்கள். தேவதாரு உத்திரங்களை ஆணியின்றிக் கட்டியவர்களின் ஊரில் இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கத் தோன்றுகிறது. நிரூபிக்க என்னிடம் எதுவுமில்லை. அமெரிக்க, ஐரோப்பிய உயிரியல் பூங்காக்களில் குளிர்காலத்தில் நடக்கும் ‘சீன விளக்குத் திருவிழா’க்களின் பின்னால் அநேகமாக இந்த ஊர் நிறுவனங்கள்தான். கம்பி வளைப்போரும் துணி ஒட்டுவோருமாகக் குழு குழுவாக வெளிநாடு போய், இரண்டு மூன்று மாதம் தங்கிக் கட்டிக்கொடுத்துத் திரும்புகிறார்கள்.

ஆனாலும் இந்தத் தொழில்கள் உப்பு தாங்கிய அளவுக்கு ஊரைத் தாங்கவில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸிகோங்கில் சுமார் 26.8 லட்சம் பேர், 2020இல் 24.9 லட்சம். 2021 ஜூனில் அதிவேக ரயில் வந்தது. செங்டு இப்போது மிக அருகில். இளைஞர்கள் போவதும் எளிது.

2020இல் பெருந்தொற்று வந்தபோது இந்த ஊரின் பழைய விதி முதல்முறையாகத் தலைகீழானது. சீனாவுக்கும் உலகுக்கும் இடையே ஆள் போக்குவரத்து ஏறக்குறைய நின்றுபோனது. 1853இலும் 1937இலும் வழி அடைபட்டபோது ஸிலியூஜிங்கில் சட்டிகள் கூடுதலாகக் கொதித்தன. இந்த முறை வெளிநாட்டு விழாக்கள் ரத்தாக, விளக்குப் பட்டறைகளில் வேலை நின்றது. பணம் வர வேண்டிய இடம் யாங்சியின் கீழ்ப்பகுதியல்ல, பசிபிக்குக்கு அப்பால்.